ஜென்அலெக்ஸ் எதில் ஓட்டுவது: லேப் டெஸ்க்டாப்பா, புது லேப்டாப்பா, இல்லை ஆர் (R) மொழிக்கே போய்விடுவதா?

போன மே மாதம், காட்பாடி வெயில் ஜன்னல் கம்பியைத் தொட முடியாத அளவுக்குக் காய்ந்துகொண்டிருந்த ஒரு மதியம், எம்.எஸ்சி. மாணவி ஒருத்தி புது லேப்டாப்போடு லேபுக்கு வந்தாள். "அண்ணா, எல்லாம் யூட்யூப்ல பார்த்த மாதிரியேதான் பண்ணேன். மேல டேப்பே வரல."

"காட்டும்மா" என்றேன். எக்செல் திறந்திருந்தது. ஹோம், இன்செர்ட், டேட்டா, வியூ எல்லாம் இருந்தன. ஜென்அலெக்ஸ் மட்டும் இல்லை; மரபணு டேட்டாவை அலச எக்செல்லோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல் (ஆட்-இன்) அது. ஆட்-இன் பட்டியலில் டிக் போட்டிருக்கிறது, எரர் எதுவும் வரவில்லை, ஆனால் ஆள் வரவில்லை.

அவளுடைய டேட்டா இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பிறகு, அந்தக் கத்திரிக்காயை எடுத்து ஏதாவது செய்ய வேண்டும் என்று இந்தப் பக்கம் பல மாணவர்களுக்கு ஆசை. அவள் 5 ஊர்களில், ஊருக்கு 18 செடி என்று 90 செடிகளின் இலையைக் கிள்ளி வந்து, 12 எஸ்எஸ்ஆர் மார்க்கர் (டிஎன்ஏவில் செடிக்குச் செடி நீளம் மாறும் இடங்கள்) ஓட்டி, ஜெல்லில் தெரியும் கோடுகளான பேண்டுகளை ஸ்கோர் செய்து வைத்திருந்தாள். ஜென்அலெக்ஸ் கேட்கும் அமைப்பில் அது எக்செல்லில் இசட் காலம் (column, நெடுவரிசை) வரை, 93-வது வரி வரை வரும். மேலே மூன்று வரி விவரம், இடது பக்கம் செடியின் பெயருக்கும் ஊருக்கும் இரண்டு காலம், மார்க்கருக்கு இரண்டு காலம் வீதம் 24. அவ்வளவு சின்ன டேட்டாவுக்கு எந்த சாஃப்ட்வேர் என்று யோசிப்பதே அதிகம் என்று தோன்றும். ஆனால் அந்த யோசனையைச் சரியான நேரத்தில் செய்யாததால் வைவா தள்ளிப்போனவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மரபணு டேட்டாவை எக்செல் ஆட்-இன்னில் ஓட்டப்போகிறவர்களுக்கு இன்று என்னென்ன வழி இருக்கிறது, எது எங்கே காலை வாரும் என்று என் அனுபவத்திலிருந்து ஒரு கணக்கு.

முதலில் ஜென்அலெக்ஸ் பற்றி இரண்டு வார்த்தை. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ராட் பீக்காலும் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்மவுஸும் எழுதியது. 6-வது வெளியீட்டின் கட்டுரை 2006-ல் வந்தது, 6.5-இன் கட்டுரை 2012-ல். இலவசம். ஹெட்டரோசைகோசிட்டி, எஃப்எஸ்டி, ஹார்டி-வெயின்பெர்க், அமோவா (மரபணு வேறுபாட்டில் எவ்வளவு ஊர்களுக்கு இடையில், எவ்வளவு ஊருக்குள் என்று பிரிப்பது), பிசிஓஏ, மேன்டல் டெஸ்ட் என்று மரபணு வேறுபாட்டை அளக்கும் கணக்குகள் எல்லாம் மெனுவிலேயே கிடைக்கும். ஒரு வரி கோடு எழுதத் தெரியாதவர்களும் ஒரு மதியத்தில் ரிசல்ட் பார்த்துவிடலாம். நம் பக்கத்துக் கல்லூரிகளில் இது நிலைத்து நின்றதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இது தனி சாஃப்ட்வேர் இல்லை. எக்செல்லுக்குள் ஓடும் சின்ன நிரல்களை (மேக்ரோ) எழுதும் விபிஏ மொழியில் எழுதி எக்செல்லுக்குள் குடியிருக்கும் ஆட்-இன். வாடகைக்குக் குடியிருப்பவர் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டுக்குப் பூட்டை மாற்றிவிட்டால் வெளியே நிற்கத்தான் வேண்டும். 2012 கட்டுரை எந்தெந்த எக்செல்லில் ஓடும் என்று ஒரு பட்டியல் கொடுக்கிறது: விண்டோஸில் 2003, 2007, 2010, மேக்கில் 2004, 2011. அதற்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் எத்தனை பூட்டு மாற்றியிருக்கிறது என்பதுதான் மிச்சக் கதை.

லேபில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்

ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டிலும் ஒன்று இருக்கும். மூலையில், கவர் போட்டு, ஆபீஸ் 2010-ஓ 2013-ஓ வைத்து. சீனியர்கள் அதில்தான் ஜென்அலெக்ஸ் ஓட்டினார்கள், அதில் இன்றும் ஓடும். டேப் காணவில்லை, மேக்ரோ பிளாக் ஆகிவிட்டது என்ற புலம்பல் அங்கே கிடையாது.

குறை என்னவென்றால், ஆபீஸ் 2010-க்கு 2020 அக்டோபரிலும் 2013-க்கு 2023 ஏப்ரலிலும் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. 2016-க்கும் 2019-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது, அதே நாளில் விண்டோஸ் 10-க்கும். அப்டேட் நின்றால் ஆட்-இன் நிற்காது. அதனால் அனாலிசிஸுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் அந்த சிஸ்டத்தில் இன்டர்நெட் ஓடிக்கொண்டிருந்தால், நாற்பது பேரின் பென் டிரைவ் அதில் ஏறி இறங்கினால், நிலைமை வேறு. லேன் கேபிளைக் கழற்றிவிட்டு, ஒரே ஒரு பென் டிரைவ் மட்டும் என்று கட்டுப்பாடு வைத்தால் இது நல்ல வழி. கட்டுப்பாடு நிற்காது என்று தெரிந்தால் வேண்டாம்.

இன்னொரு சங்கடம், சீனியர் விட்டுப்போன ஆட்-இன் ஃபைல். பல லேப்களில் அது 2003 எக்செல் நாட்களின் பழைய 6-வது வெளியீடாகவே இருக்கும். 2003 எக்செல்லில் ஒரு ஷீட்டுக்கு 256 காலம்தான். இரண்டு காலம் பெயருக்குப் போக, 127 மார்க்கர்தான் கொள்ளும். எஸ்எஸ்ஆர் ஓட்டியவருக்கு அது தாராளம். எஸ்என்பி (டிஎன்ஏவில் ஒற்றை எழுத்து மாறும் இடங்கள்) டேட்டா கையில் வைத்திருப்பவருக்கு அது போதவே போதாது. 2007-க்குப் பிந்தைய எக்செல்லில் 16,384 காலம். அதே கணக்குப்படி 8,191 மார்க்கர் வரை இடம் உண்டு. ஆகவே பென் டிரைவில் வந்த ஃபைலை நம்பாமல் ஜென்அலெக்ஸை எழுதியவர்களின் பல்கலைக்கழகத் தளத்திலிருந்து 6.5 வரிசையில் கடைசியாக உள்ளதை எடுங்கள்.

புது லேப்டாப், புது எக்செல்

அந்த மாணவியின் கதைக்கு வருகிறேன். அவள் ஃபைலை டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கண்டுபிடித்து, ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் திறந்தேன். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: இந்த ஃபைல் வேறு கம்ப்யூட்டரிலிருந்து வந்தது, பாதுகாப்புக்காகத் தடுக்கப்பட்டிருக்கலாம் என்று. பக்கத்தில் அன்பிளாக் என்று ஒரு கட்டம். டிக், அப்ளை, எக்செல்லை முழுக்க மூடி மறுபடி திறந்ததும் டேப் வந்துவிட்டது. அவ்வளவுதான். அவள் மூன்று நாள் தூங்கவில்லை.

இது 2022-ல் வந்த பூட்டு. இன்டர்நெட்டிலிருந்து இறக்கிய ஃபைல்களில் விபிஏ மேக்ரோ இருந்தால் எக்செல் தானாகவே தடுத்துவிடும். மேக்ரோ வழியாக வைரஸ் பரப்பிய கும்பல்களால் வந்த வினை. அதில் மைக்ரோசாஃப்டைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். அதே ஃபைலை அவள் தோழி பென் டிரைவில் வாங்கிப் போட்டுக்கொண்டாள், அவளுக்கு முதல் தடவையே வேலை செய்தது. "என் லேப்டாப்தான் ராசியில்லை" என்று இவள் அழாத குறை. காரணம் ராசி இல்லை. இன்டர்நெட்டிலிருந்து வந்தது என்ற முத்திரையை விண்டோஸ், ஃபைலோடு ஒட்டிய ஒரு மறைவான குறிப்பாக வைக்கிறது. விண்டோஸ் டிஸ்கின் என்டிஎஃப்எஸ் அமைப்பில்தான் அந்தக் குறிப்பு நிற்கும். பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட். அதில் காப்பி ஆகும்போது முத்திரை உதிர்ந்துவிடும்.

அடுத்தது 64-பிட் விவகாரம். 2019 முதல் ஆபீஸ் இன்ஸ்டால் செய்தால் சொல்லாமலே 64-பிட்தான் இறங்கும். விண்டோஸின் உள் செயல்களை நேரடியாகக் கூப்பிடும் பழைய விபிஏ கோடு, 64-பிட் எக்செல்லில் திருத்தாமல் ஓடாது. 'கம்பைல் எரர்' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். எந்தப் பழைய ஆட்-இன்னுக்கும் இது பொருந்தும். அந்தப் பெட்டியைப் பார்த்தால் உங்கள் டேட்டாவைச் சந்தேகிக்காதீர்கள். ஆட்-இன் பழசு, அல்லது எக்செல்லும் அதுவும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவே.

கூடவே ஒரு வதந்தியும் சுற்றுகிறது. "விபிஏவை எடுத்துவிடப் போகிறார்களாமே?" இல்லை. 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் கைவிடுவதாக அறிவித்தது விபிஸ்கிரிப்ட்டை. பெயர் ஒன்றுபோல இருப்பதால் வந்த குழப்பம். விபிஸ்கிரிப்ட்டை உள்ளே இழுத்துப் பயன்படுத்தும் சில மேக்ரோக்களுக்கு மட்டும் பிற்காலத்தில் இடிக்கும்.

புது எக்செல்லில் என் உண்மையான பயம் தானாக ஓடும் அப்டேட்தான். மாதச் சந்தா எக்செல் ராத்திரி தூங்கப்போனால் காலையில் வேறு ஆளாக எழுந்திருக்கிறது. என் ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயத்தில், முதல் மூன்று ஊர்களுக்கு ஒரு அமைப்பிலும் மீதிக்கு வேறு அமைப்பிலும் டேபிள் வந்து, எதில் எது ஓட்டினேன் என்று எனக்கே தெரியாமல் போய், எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டினேன். தப்பு என்னுடையதுதான், எந்த வெர்ஷன் என்று எழுதி வைக்கவில்லை. எக்செல்லில் ஃபைல், அக்கவுண்ட் பக்கம் போனால் அப்டேட்டை நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது. அனாலிசிஸ் தொடங்கும் அன்றே நிறுத்துங்கள், அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: 2008 மேக் எக்செல்லில் விபிஏவே கிடையாது, 2011-ல் திரும்பி வந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் விண்டோஸ் போல ஆக்டிவ்எக்ஸ் (பட்டன், பெட்டி போன்ற விண்டோஸ் பாகங்கள்) கிடையாது, ஃபோல்டர்களைத் தொட ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்கும். பக்கத்தில் விண்டோஸ் சிஸ்டம் இருந்தால் அதற்குப் போங்கள்.

கூகுள் ஷீட்ஸ், மொபைல் எக்செல், ப்ரவுசரில் திறக்கும் எக்செல்: மூன்றிலும் விபிஏ ஓடாது. அங்கே இந்தப் பேச்சே இல்லை. லிப்ரே ஆபீஸ் விபிஏவைக் கொஞ்சம் புரிந்துகொள்ளும், ஆனால் மெனுவும் டயலாக் பெட்டியும் நிறைந்த பெரிய ஆட்-இன் அதில் ஒழுங்காக ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள். டேட்டா என்ட்ரிக்கு லிப்ரே ஆபீஸ் எனக்குப் பிடிக்கும், அது வேறு விஷயம்.

எந்த எக்செல்லாக இருந்தாலும் ஒரு வியாதி

இதை இடையில் சொல்லியே ஆகவேண்டும். அந்த மாணவி செடிகளுக்கு ஊர் எண், செடி எண் என்று பெயர் வைத்திருந்தாள். மூன்றாவது ஊர், ஐந்தாவது செடி என்றால் 3-5. எக்செல்லில் அது '03-மே' ஆகிவிட்டது. ஐந்து ஊரில் 12-வது செடி வரை எல்லாம் தேதி, 13-லிருந்து 18 வரை வேறு மாதிரி விபரீதம். டிஎன்ஏ வைத்த பிளேட்டில் எந்தக் குழியில் இருக்கிறது என்று இன்னொரு காலம் வைத்திருந்தாள்: முதல் பிளேட், ஈ வரிசை, 7-வது குழி என்றால் 1ஈ7 (1E7). ஆங்கில எழுத்தில் அடித்தால் எக்செல் அதை ஒன்றுக்குப் பின் ஏழு சுழியம் என்று, ஒரு கோடியாக மாற்றிவிடும். கத்திரிச் செடி ஒரு கோடி.

சிரிக்க வேண்டாம், பெரியவர்களுக்கும் நடந்திருக்கிறது. வெளியான மரபணு ஆய்வுக் கட்டுரைகளோடு வந்த எக்செல் பட்டியல்களை 2016-ல் சோதித்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு கட்டுரையில் மரபணுப் பெயர் தேதியாகவோ எண்ணாகவோ மாறியிருந்தது. கடைசியில் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-ல் சில பெயர்களையே மாற்றியது. மைக்ரோசாஃப்ட் 2023-ல்தான் இந்தத் தானியங்கி மாற்றத்தை அணைக்கும் வசதியைக் கொடுத்தது. புது எக்செல்லுக்கு என் பட்டியலில் கிடைக்கும் ஒரே தெளிவான மார்க் இதற்குத்தான். பழைய எக்செல்லில் வேலை செய்தால் டேட்டா அடிப்பதற்கு முன்பே அந்தக் காலத்தை டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். பெயருக்கு முன் ஊரின் முதலெழுத்தைச் சேர்த்துவிட்டால் அதுவும் வேண்டாம்.

ஆர் பக்கம் போவதா?

"ஆர் கத்துக்கோ, எல்லாப் பிரச்சினையும் தீரும்" என்று சொல்லும் நண்பர்கள் எனக்கும் உண்டு. ஆர் என்பது புள்ளியியல் கணக்குகளுக்கான இலவசக் கோடு மொழி; தேவைப்படும் வேலைக்குத் தகுந்த பேக்கேஜைச் சேர்த்துக்கொள்ளலாம். அவர்கள் சொல்வது பாதி சரி.

ஆரில் அடிஜெனெட் என்ற பேக்கேஜ் 2008-ல் வந்தது, பாப்ர் 2014-ல். பாப்ரில் ஜென்அலெக்ஸ் அமைப்பில் இருக்கும் டேட்டாவை அப்படியே படிக்க ஒரு கட்டளை இருக்கிறது. மேலே சொன்ன மூன்று வரியையும் தொடாமல் சிஎஸ்வியாக (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) சேவ் செய்தால் போதும். அதாவது இரண்டு பக்கமும் ஒரே ஃபைலை வைத்து ஓட்டலாம். ஜென்அலெக்ஸும் தன் பங்குக்கு 30-க்கும் மேற்பட்ட வேறு அமைப்புகளில் டேட்டாவை ஏற்றுமதி செய்யும். ஆர்லெக்வின், ஜீன்பாப், ஸ்ட்ரக்சர் போன்ற மற்ற மரபணு சாஃப்ட்வேர் எதற்கும் கையால் மாற்றி எழுத வேண்டாம். ஆகவே எக்செல்லில் தொடங்கினால் அங்கேயே மாட்டிக்கொள்வோம் என்ற பயம் தேவையில்லை.

ஆனால் ஆரும் வீட்டுக்காரர்தான். 2019-ல் வந்த 3.6.0-ல் ரேண்டம் எடுக்கும் முறையை மாற்றினார்கள். அதற்கு முந்தைய ஆரில் ஒரு சீட் எண் (குலுக்கலின் தொடக்க எண்) கொடுத்து ஓட்டியதை, அதே எண் கொடுத்துப் புதியதில் ஓட்டினால் வேறு பெர்ம்யூட்டேஷன்கள் (டேட்டாவைக் குலுக்கிப் போட்டுப் பார்க்கும் சோதனைகள்) வரும். 2020-ல் 4.0.0 வந்தபோது எழுத்தாக இருக்கும் காலத்தைத் தானாக வகைப்படுத்துவதை நிறுத்தினார்கள். சீனியரின் ஸ்கிரிப்ட் அப்படியே நின்றுபோன லேப்கள் உண்டு. வித்தியாசம் என்னவென்றால், ஆரில் பழைய வெர்ஷனையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், ரென்வ் போன்ற பேக்கேஜ் போட்டு உங்கள் ப்ராஜெக்ட்டின் பேக்கேஜ்களை உறைய வைக்கலாம். எக்செல்லில் அந்த வசதி இல்லை. இதற்காகத்தான் ஆருக்கு என் ஓட்டு, எளிமைக்காக இல்லை.

அடுத்து, இரண்டிலும் ஓட்டினால் ஒரே எண் வருமா? மாணவியின் டேட்டாவில் வரவில்லை. அமோவாவில் ஊர்களுக்கு இடையிலான பங்கு எக்செல்லில் ஒன்று, ஆரில் ஒன்று. அவள் முகம் போன போக்கைப் பார்த்து நானும் கொஞ்சம் ஆடித்தான் போனேன். ஒரு மணி நேரம் தோண்டியதில் இரண்டு காரணம் கிடைத்தது.

ஒன்று, பேண்ட் வராத இடங்கள். ஜென்அலெக்ஸில் அதற்கு 0 போட்டிருந்தோம், செடிகளுக்கு இடையிலான மரபணுத் தூரக் கணக்கில் விடுபட்டதை இடைக்கணிப்பு செய்து நிரப்பும் தேர்வில் டிக் போட்டிருந்தோம். பாப்ரின் அமோவா வழக்கமான அமைப்பில் 5 சதவீதத்துக்கு மேல் விடுபட்ட மார்க்கரையே தூக்கி எறிந்துவிடும். 90 செடியில் 5 சதவீதம் நாலரை. ஒரு மார்க்கரில் 5 செடிக்குப் பேண்ட் வரவில்லை என்றாலே அந்த மார்க்கர் காலி. அவளுக்கு இரண்டு மார்க்கர் அப்படிப் போயிருந்தது. ஆக எக்செல்லில் 12 மார்க்கரின் கணக்கு, ஆரில் 10.

இரண்டு, அவள் எக்செல்லில் ஓட்டியது ஃபைபிடி என்ற அமோவா அளவு. அதில் ஒரே செடிக்குள் இருக்கும் இரண்டு அல்லீலின் (ஒரே மார்க்கரின் இரண்டு பிரதிகள்) வேறுபாடு தனிப் படியாகக் கணக்கில் வராது. ஆரில் வழக்கமான அமைப்பு அதையும் ஒரு படியாக எடுத்துக்கொள்கிறது. கேள்வியே வேறு, பதில் எப்படி ஒன்றாகும்? இரண்டையும் ஒரே மாதிரி அமைத்த பிறகு எண்கள் கிட்டத்தில் வந்தன.

சாஃப்ட்வேர் சண்டை என்று நினைத்துக்கொண்டிருந்தது டயலாக் பெட்டியில் போட்ட ஒரு டிக் சண்டை. ஜென்அலெக்ஸில் அந்தப் பெட்டிகள் கண்ணெதிரே வந்து நின்று கேட்கும், ஆரில் கேட்காமலே முடிவெடுத்துவிடும், ஹெல்ப் பக்கத்தைப் படித்தால்தான் தெரியும். புதிதாகக் கற்பவருக்கு முன்னது நல்லது என்பது என் கட்சி. அப்புறம் கைடு ஒருவர் "ரெண்டுலயும் பி மதிப்பு 0.001-னே வருதே, காப்பி பண்ணியா?" என்று கேட்டால் பயப்படாதீர்கள். 999 பெர்ம்யூட்டேஷன் ஓட்டினால் அதற்குக் கீழே போகவே முடியாது.

யாருக்கு எது

கோடு தெரியாது, ஆறு மாத ப்ராஜெக்ட், நூறு செடிக்குள், இருபது மார்க்கருக்குள் என்றால் ஜென்அலெக்ஸ் போதும். பழைய டெஸ்க்டாப்பை இன்டர்நெட்டிலிருந்து கழற்றி அதில் ஓட்டுங்கள். இல்லையென்றால் உங்கள் லேப்டாப்பில் அன்பிளாக் செய்து, அப்டேட்டை நிறுத்திவிட்டு. ஆருக்குப் பயந்து ஓட வேண்டிய அவசியமே இல்லை.

பிஎச்.டி. என்றால் நான் இரண்டையும் கேட்பேன். முதல் பார்வைக்கும், தப்பு பிடிக்கவும், கைடோடு உட்கார்ந்து பேசவும் ஜென்அலெக்ஸ். ஆய்வேட்டில் அச்சாகும் டேபிளுக்கு ஆர், ஏனென்றால் மூன்று வருடம் கழித்து ரிவ்யூவர் கேட்கும்போது அதே எண்ணை மறுபடி எடுத்துக் கொடுக்க ஸ்கிரிப்ட் இருக்கும். அந்த மூன்று வருடத்தில் நீங்கள் வேலூரை விட்டே போயிருக்கலாம்.

ஆயிரக்கணக்கில் எஸ்என்பி என்றால் எக்செல்லில் இடம் இருக்கிறதே என்று இறங்காதீர்கள். காலம் கொள்ளும், பொறுமை கொள்ளாது. நேராக ஆருக்குப் போங்கள்.

காசுக் கணக்கும் இதில் உண்டு. ஜென்அலெக்ஸ் இலவசம், எக்செல் இல்லை. கல்லூரி லைசென்ஸ் உங்கள் மெயில் ஐடியோடு போய்விடும். அதன் பிறகு எக்செல் பார்க்க மட்டும் விடும், எழுத விடாது. ஆகவே மூல டேட்டாவை எப்போதும் சிஎஸ்வியாக ஒரு காப்பி வையுங்கள், அதைத் திறக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

மாணவி கடைசியில் எங்கள் பழைய டெஸ்க்டாப்பிலேயே எல்லாவற்றையும் ஒரு தடவை ஓட்டி, ஆரில் சரிபார்த்து முடித்தாள். ரிசல்ட் வந்த அன்று வாங்கித் தந்த ஆம்பூர் பிரியாணியோடு வந்த கத்திரிக்காயைக் காட்டி, "இது எந்த பாப்புலேஷன் அண்ணா?" என்றாள். அந்த சிஸ்டத்தின் மானிட்டரில் அவள் ஒட்டிய சீட்டு இன்னும் இருக்கிறது: 'ஜூலை வரை அப்டேட் செய்யாதீர்கள்.' அதற்கடியில் யாரோ பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்கள்: 'எந்த வருஷ ஜூலை?'